அறுபதுக்குப் பத்தொன்பது

ஊசி போட்ட பிள்ளையை அரைமணி நேரம் இங்கேயே வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் கூட்டிப் போகவேண்டும் என்று நர்சம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் நவமணி பாப்பாவை மடியில் சாய்த்துக்கொண்டு சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தில் பத்து மணி அஞ்சு நிமிஷம். பத்து முப்பத்தஞ்சுக்கு ஊட்டுக்காரர் வண்டியோடு வந்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பதாகப் பேச்சு. பாப்பா அழுது ஓய்ந்து, மிச்சமிருந்த அழுகையைத் துண்டு துண்டாக விசும்பித் தீர்த்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் மாசத்து ஊசி, ரெண்டு கைக்கும் ஒவ்வொன்று. வலது கையில் போடும்போது வீரிட்டது, இடது கையில் போடும்போது சத்தமே வரவில்லை, வாய் மட்டும் திறந்து அப்படியே நின்றது. இப்போது ரெண்டு கையும் துவண்டு கிடக்கிறது. தூக்கமாட்டேன் என்கிறது. கிலுகிலுப்பையைக் காட்டினால் கண் போகிறது, கை போகவில்லை. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும், காய்ச்சல் அடித்தால் அரை மூடி மருந்து கொடு என்றாள் நர்சம்மா. சரியாகிவிடும். சரியாகத்தானே வேண்டும். பத்தொன்பது. ஐயோ, அது வேறு. பாப்பாவின் கையைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த நம்பர் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சிவப்பு வட்டம், அதற்குள்ளே ஒன்றும் ஒன்பதும். ஆறாவது படிக்கும்போது கணக்கு நோட்டில் டீச்சர் சிவப்பு மையில் போட்ட அதே பத்தொன்பது, அதே வட்டம். அதற்குப் பிறகு ஒரு வருஷம்தான் பள்ளிக்கூடம் போனாள். அந்த நோட்டோடு போய்விட்டது என்றிருந்த மார்க்கு, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஊசி போட வந்த இடத்தில் திரும்பி வந்து நிற்கிறது. அன்றைக்காவது கணக்குக்குத்தான் மார்க்கு போட்டார்கள்.

டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கும்போதுதான் அந்தப் பொண்ணு வந்தாள். பிரதீபா என்று பேர், கோயமுத்தூரில் காலேஜில் என்னமோ பெரிய படிப்பு படிக்கிறாளாம். கழுத்தில் அட்டை, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். “அக்கா, ஒரு பத்து நிமிஷம். புருசன் பொண்டாட்டி நல்லா இருக்காங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்கறதுக்கு ஒரு ஆராய்ச்சிக்கா. கேள்வியெல்லாம் வெளிநாட்டுல செஞ்சது. நம்ம ஊருக்கு ஒத்துவருதான்னு பாக்கறோம்” என்றாள். நவமணிக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. அவளுக்கு ஆள் முன்னால் குரல் எழும்புவதே கஷ்டம், கடையில் கால் கிலோ தக்காளி கேட்டாலே ரெண்டு தடவை கேட்கவேண்டும். பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று அந்தப் பொண்ணு எடுத்துக்கொண்டாள். முதல் கேள்வியே ஊட்டுக்காரர் பேர். நவமணி ஊசி அட்டையை நீட்டி, எழுத்துக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். “குழந்தைவேல். ஏங்க்கா, நீங்க சொல்லமாட்டீங்களா?” என்று அவள் சிரித்தாள். நவமணியும் சிரித்து வைத்தாள். அந்தப் பேரின் முன்பாதியைக்கூட அவள் வாயில் எடுப்பதில்லை, அதனால்தான் பெற்றெடுத்த நாளிலிருந்து பாப்பா, பாப்பா என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதை அந்தப் பொண்ணிடம் எப்படி விளக்குவது. அப்புறம் டேப்பில் அஞ்சு மூஞ்சிகள் வந்தன. ஒரு கோடியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற மூஞ்சி, மறுகோடியில் உதடு பிதுங்கி அழுகிற மூஞ்சி, நடுவில் ஒன்றுமில்லாத மூஞ்சி. பன்னிரண்டு கேள்வி. கேட்கக் கேட்க ஏதாவது ஒரு மூஞ்சியைத் தொடவேண்டும். எப்போதும் என்றால் சிரிக்கிற மூஞ்சி, ஒருபோதும் இல்லை என்றால் அழுகிற மூஞ்சி. கணவர் உங்களைப் பெயர் சொல்லி அன்பாக அழைப்பாரா? ஏம்புள்ள என்பார், மாமியார் எதிரில் அதுவும் இல்லை, தொண்டையைச் செருமுவார். அழுகிற மூஞ்சி. நீங்கள் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்வீர்களா? பகலெல்லாம் பட்டறையில். பன்னிரண்டு தறி ஓடுகிற இடத்தில் எங்கே பேசுவது, பக்கத்தில் நின்று கத்தினாலே காதில் ஏறாது. அழுகிற மூஞ்சி. உங்களைப் பாராட்டுவாரா? அந்த வார்த்தையையே அவள் சாமி பாட்டில்தான் கேட்டிருக்கிறாள்.

அதுகூடப் பரவாயில்லை, தெரிந்து செய்தது ஒன்று உண்டு. உங்கள் இல்லற வாழ்க்கையில் நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டபோது அவள் விரல் தானாகச் சிரிக்கிற மூஞ்சிப் பக்கம்தான் போனது. போய், பாதியில் நின்றது. வெளியில், இத்தனை பேர் இருக்கிற இடத்தில், முன்னே பின்னே தெரியாத ஒரு பொண்ணிடம் ஆமாம், எப்போதும் சந்தோசம்தான் என்று சொன்னால் கண்ணு பட்டுவிடாதா. பாப்பா நல்லாச் சாப்பிடுதா என்று யாராவது கேட்டால், ரெண்டு கிண்ணம் பருப்புச் சோறு உள்ளே போன அடுத்த நிமிஷமே, எங்கீங், ஒண்ணுமே திங்கறதில்லீங் என்றுதான் சொல்வாள். அது பொய்யா என்ன, பிள்ளைக்குக் கன்னத்தில் வைக்கிற பொட்டு மாதிரி. அதே கணக்கில் விரலை இந்தப் பக்கம் நகர்த்தி, கொஞ்சம் வாடின மூஞ்சியைத் தொட்டுவிட்டாள். அடுத்த கேள்விக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். கணவரைக் கண்டு பயப்படுவீர்களா என்பதற்கு மட்டும் இல்லவே இல்லை என்று அழுத்தித் தொட்டாள், அந்த இடத்தில் பொட்டு வைக்க மனசு வரவில்லை. கடைசியில் டேப்பில் ஒரு வட்டம் சுற்றியது, சிவப்பானது. பத்தொன்பது. அந்தப் பொண்ணு முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, ஆனால் குரல் தணிந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் துக்கம் விசாரிக்கிற குரல் வந்துவிட்டது. “அக்கா, இது அறுபதுக்கு. இருபதுக்குக் கீழ வந்தா எங்க மேடத்துக்குப் போயிரும். அவங்க ஆள் அனுப்புவாங்க, வீட்டுக்கே வந்து பேசுவாங்க, பயப்படாதீங்க.” அப்புறம் கேட்டாள், “நாங்க கேக்காம விட்டது ஏதாச்சும் இருக்காங்க்கா? நீங்களா இருந்தா என்ன கேப்பீங்க?” நவமணி தலையை ஆட்டினாள். இல்லீங்.

வீட்டுக்கே வருவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். மாமியார் யாரு என்னன்னு கேட்பார். உங்க மருமகளும் மகனும் சரியில்லைன்னு வந்திருக்குதுங்க என்பார்கள். மாமியார் கெட்டவர் இல்லை, ஆனால் ஒரு சொல்லைக் கொடுத்தால் ஒரு மாசம் வைத்துச் சாப்பிடுவார். சாயங்காலம் அவர் வருவார், சைக்கிள் கம்பெனியில் இருந்து அவர் தம்பி வருவான், எல்லாரும் இருப்பார்கள், ஒரே ரூம், நடுவில் அந்தப் பத்தொன்பது உட்கார்ந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். அதுதான் பயமே. என்ன சொன்னே என்று கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை. கேட்காமல், பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லைன்னு சொல்லீட்டாளா என்று உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தட்டைக் கழுவுவார். திருத்திவிடலாம். அந்தப் பொண்ணு இன்னும் அனுப்பவில்லை, இங்கே உள்ளே டவர் கிடைக்கவில்லை, எல்லாத்தையும் முடித்துவிட்டு வெளியே கேட்டுப் பக்கம் போய்த்தான் அனுப்பவேண்டும் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்து போய், ஏனுங், நான் சொன்னது தப்புங் என்று சொன்னால் முடிந்தது. நாலே வார்த்தை. தொண்டையில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது. பட்டறையில் நாள் முழுக்கப் பறக்கிற பஞ்சு எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும்போல.

இப்போது அந்தப் பொண்ணு ரெண்டு பெஞ்சு தள்ளித் தெய்வானையக்காவிடம் உட்கார்ந்திருந்தாள். தெய்வானையக்கா இதே பட்டறைதான், மூணாவது பிள்ளைக்கு ஊசி. அவள் குரலுக்குத் தறியே தோற்கும். “உங்க கணவர் உங்களைப் பாராட்டுவாரா?” என்று இந்தப் பொண்ணு மெதுவாகக் கேட்டாள். “பாராட்டாம? சனிக்கெழம சம்பளம் வாங்கி உள்ள ஊத்தீட்டு வந்தா அந்தக் கோடி வரைக்கும் கேக்குமே கண்ணு. எம் பொண்டாட்டி சாமி, எம் பொண்டாட்டி தெய்வம்னு. திங்கக்கெழம கேட்டா யாருடி நீயிம்பான்.” பெஞ்செல்லாம் சிரித்தது. “அப்ப எந்த மூஞ்சிங்க்கா?” “எனக்கென்ன தெரியும், சனிக்கெழமைக்கு ஒண்ணு, திங்கக்கெழமைக்கு ஒண்ணு தொட்டுக்க.” “ஒண்ணுதாங்க்கா தொடமுடியும்.” “அப்ப அந்த மெஷினக் கொண்டுபோயி அந்தாளு மூஞ்சிக்கு நேரா நீட்டு. அதுவே அழுகும்.” நர்சம்மா உள்ளேயிருந்து, சத்தம் போடாதீங்கம்மா என்றாள். தெய்வானையக்கா இந்தப் பக்கம் திரும்பி, “ஏம்புள்ள நவமணி, உனக்கெத்தன மார்க்குடி?” என்று கேட்டுவிட்டாள். நவமணி பாப்பாவின் தலையைக் கோதிவிட்டாள். கடிகாரத்தில் மணி பத்து பதினெட்டு.

மார்க்கு. அக்கா வளர்மதி இதைத் தொட்டிருந்தால் என்ன வந்திருக்கும். கூடப் பிறந்த அக்கா. அவள் மாப்பிள்ளை வாய் முழுக்கத் தேன். வளரு, வளருக்குட்டி என்பார், நோம்பிக்கு வந்தால் எல்லார் எதிரிலும் லட்டைப் பிட்டு ஊட்டுவார், போன் வாங்கிக் கொடுத்து அதிலேயே பிறந்தநாள் வாழ்த்துப் போடுவார், மாசம் தவறாமல் சினிமா. நவமணிக்கு அப்போது கல்யாணமாகவில்லை, அக்காவைப் பார்த்துப் பார்த்து இப்படி ஒருத்தர் கிடைக்கணும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். பேர் சொல்லி அன்பாக அழைப்பாரா, எப்போதும். பாராட்டுவாரா, எப்போதும். வெளியில் அழைத்துச் செல்வாரா, எப்போதும். அறுபதுக்கு ஐம்பத்தஞ்சு குறையாது. அந்த அக்காதான் ஒரு ஆடி மாசம் ஒரு பையோடு வந்து இறங்கினாள். குளிக்கும்போது முதுகு தேய்க்கப் போன அம்மா தோள்பட்டையைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்தாள், நீலம் பாரித்திருந்தது. இப்போது அக்கா அம்மா வீட்டில் இருந்துகொண்டு தையல் கம்பெனிக்குப் போகிறாள், சிரிக்கிறாள், குண்டாகியிருக்கிறாள், நல்லா இருக்கிறாள். ஆனால் அந்த அஞ்சு மூஞ்சியிலும் அந்த நீலத்துக்கு ஒரு இடமும் இல்லையே. பயப்படுவீர்களா என்ற கேள்விக்கு அக்கா என்ன தொட்டிருப்பாள், அவளும் பொட்டு வைத்திருப்பாள், வேறு மாதிரிப் பொட்டு. அப்படியானால் அக்காவுக்கு ஐம்பத்தஞ்சு, எனக்குப் பத்தொன்பது. நவமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே ஒரு பயமும் வந்து முட்டியது. ஒருவேளை மெஷின் சொல்வதுதான் சரியோ. அவர் ஒன்றும் சொன்னதே இல்லையே. கட்டிக்கிட்டு மூணு வருசத்தில் பிடிச்சிருக்கு என்றோ, நல்லா இருக்கே என்றோ ஒரு வார்த்தை. நான்தான் எதையோ இருக்கிறதாக நினைத்துக்கொண்டு திரிகிறேனோ, கரண்டு போனபிறகும் காதில் தறி ஓடிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி.

கரண்டு. கரண்டு போகிற நேரம்தான் அவளுக்குப் பிடிக்காத நேரம். பன்னிரண்டு தறியும் ஒரே மூச்சில் நின்றுவிடும், பட்டறை திடீரென்று பெரிதாகிவிடும், யாரோ இருமுவது கேட்கும், சுவரில் பல்லி கேட்கும். அவர் இவளைப் பார்த்துக் கையைத் தூக்கி ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருப்பார், அந்தக் கை பாதியில் நின்றுவிடும், தலையைச் சொறியப் போய்விடும். எல்லாரும் பார்க்கிறார்கள் அல்லவா. இவளும் தலையைக் குனிந்துகொண்டு தார்க்குச்சி பொறுக்குகிறதுபோல உட்கார்ந்துவிடுவாள், நூல் சுற்றின அந்தக் குச்சிகளை எண்ணி எண்ணித் திரும்பக் கூடையிலேயே போடுவாள். தெய்வானையக்கா சும்மா இருப்பாளா, “ஏனப்பா, கரண்டு வந்தாத்தான் பேச்சு வருமா உங்களுக்கு?” என்பாள். மறுபடி கரண்டு வரும், சத்தம் வரும், கூரைவரைக்கும் சத்தம் நிரம்பும், அதற்குள்ளே அவர்கள் ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டதுபோல ஆகிவிடுவார்கள். அவருக்கு அந்தக் கோடியில் நாலு தறி, இவளுக்கு இந்தக் கோடியில் ரெண்டு. கட்டைவிரலை உதட்டில் சாய்த்தால் டீ. ரெண்டு விரலைக் கத்திரியாக்கினால் இழை அறுந்துபோச்சு. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். இதெல்லாம் பட்டறையில் எல்லாருக்கும் பொது. மத்தியானம் என்ன குழம்பு, உங்கம்மா ஏன் காலையில் உம்மென்று இருந்தாங்க, நேத்து ராத்திரி பாப்பா என்னைத் தூங்கவிடலை, நீங்க மட்டும் குறட்டை விட்டீங்க, இல்லை நான் முழிச்சிட்டுத்தான் இருந்தேன், பொய், சத்தியமா, இதெல்லாம் அவர்கள் ரெண்டு பேருக்கு மட்டும். ஒரு தடவை பழனியில் படியேறும்போது மொட்டை அடித்த ஒரு ஆள் சோளப்பொரியைத் தவறவிட்டு உருண்டதை அவர் பத்து மீட்டர் தள்ளி நின்று கையாலேயே நடித்துக் காட்டி, அவள் சிரித்த சிரிப்பில், தறியில் நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா எகிறி விழுந்து ஒரு பீஸ் துணியே வீணாகிப்போனது. பாப்பா வயிற்றில் இருக்கிறது என்பதை முதன்முதலில் சொன்னதும் அங்கேதான். வீட்டில் எப்படிச் சொல்வது, மாமியார் பக்கத்தில். வயிற்றில் கை வைத்தாள். அவர் சாப்பிடலையா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டி, கையைத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டினாள். நாலு தறியும் ஓடிக்கொண்டிருக்க அவர் அப்படியே நின்றார், பின்னால் ரெண்டு இழை அறுந்து தொங்கியது, அவருக்குத் தெரியவில்லை.

ஐயோ. நவமணி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனம்விட்டுப் பேசிக்கொள்வீர்களா என்று கேட்டபோது ஒருபோதும் இல்லை என்றல்லவா தொட்டேன். பிள்ளை பெற்று மூணாம் மாசமே பட்டறைக்கு வருகிறேன் என்று அவள் நின்றதும், வேண்டாம், பிள்ளைக்குக் காது போயிரும் என்று அவர் மறித்ததும், மூணு நாள் சண்டை போட்டதும் எதற்காக. சம்பளத்துக்கு என்றுதான் மாமியார் நினைத்தார். அந்த ஒற்றை ரூமில் மாமியாரோடும் கொழுந்தனோடும் ராத்திரி மட்டும் அவரைப் பார்த்து, தட்டு வைத்து, தட்டு எடுத்து, வாயே திறக்காமல் மூணு மாசம் இருந்ததில் அவளுக்கு மூச்சு முட்டிப்போனது, அவரோடு பேசவேண்டும் என்றுதான் அந்தச் சத்தத்துக்குள்ளே திரும்பி ஓடினாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சண்டை என்றால் என்ன சண்டை, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பட்டறைக்கே வந்து இவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். முதுகைக் காட்டினால் அவர் என்ன சொன்னாலும் சேராது. அவர் கை தட்டியிருப்பார், சீழ்க்கை அடித்திருப்பார், ஒன்றும் கேட்காது. மூணாம் நாள் தாங்கமுடியாமல் இவளே திரும்பிப் பார்த்தபோது அவர் இவள் முதுகைப் பார்த்தபடியேதான் நின்றிருந்தார். கடைசியில் தார் சுற்றுகிற ரூமில் கதவைச் சாத்தித் தொட்டில் கட்டிக் கொடுத்தார், சன்னல் இடுக்கிலெல்லாம் கோணிச்சாக்கை அடைத்தார். அந்தப் பிள்ளைக்கு இப்போது கரண்டு போனால் தூக்கம் கலைந்துவிடுகிறது. காதைப் பற்றின பயம் அவருக்குச் சும்மா வரவில்லை. அவருடைய இடது காது மந்தமாகிக்கொண்டே வருகிறது, வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கூப்பிட்டது கேட்பதில்லை. இன்னும் பத்து வருசத்தில் முழுசாகப் போனாலும் போகும். போனால் என்ன. நவமணி தன்னையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டாள். போனால் என்ன என்று நினைத்துவிட்டேனே. ஆனால் நிஜமாகவே, போனால் என்ன. எங்களுக்குக் காது எதற்கு.

ஏழாம் மாசம், வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தபோது, ரெண்டு தறிக்கும் நடுவில் குனிந்தவள் முந்தானை பின்னால் பெல்ட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாது. கத்தினால் கேட்காது, ஓடிவரத் தூரம். ஆனால் அவள் அந்த நேரம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எதற்காகப் பார்த்தாள், ஒன்றுமில்லை, சும்மா பார்ப்பதுதான், நாலு இழை முடிந்தால் ஒரு பார்வை, அவரும் அப்படித்தான். உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்தினார், நில். நின்றாள். விரலைச் சுழற்றினார், பின்னால் பார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் திரும்பினபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பிறகு கையைத் தூக்கி மூக்கைத் தொட்டார். ஒரே ஒரு தடவை. மூக்கைத் தொட்டால் நவமணி. அவருக்குச் சுண்டுவிரல், பதினேழு வயசில் தறியில் நுனி போய்விட்டது, அதனால் சுண்டுவிரலை மடக்கினால் அவர். இவள் புதுசாக வந்தபோது அம்மா போட்டுவிட்ட பெரிய வெள்ளைக்கல் மூக்குத்தி, அதனால் மூக்கு. அந்த மூக்குத்தியைப் பிரசவத்துக்குக் கழற்றினது, அப்புறம் போடவே இல்லை, துளைகூடத் தூர்ந்துபோச்சு. ஆனாலும் இவளைக் கூப்பிட அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூக்கைத் தொடுகிறார். டீ வந்துவிட்டால் மூக்கு. பாப்பா எழுந்துவிட்டால் மூக்கு. ஒன்றும் இல்லாவிட்டாலும், சும்மா, இவள் பார்க்கிறாளா என்பதற்கு மூக்கு. நவமணியின் விரல் அவளுடைய மூக்குக்குப் போனது. தூர்ந்த இடம் மெதுவாகத் தட்டுப்பட்டது. கணவர் உங்களைப் பெயர் சொல்லி அன்பாக அழைப்பாரா? அழுகிற மூஞ்சியைத் தொட்டேன். நான் என்ன தொட்டுத் தொலைத்தேன்.

“முப்பத்தஞ்சு ஆயிருச்சும்மா, காய்ச்சல் இல்லேல்ல, போலாம்” என்றாள் நர்சம்மா. தெய்வானையக்கா கேள்வியெல்லாம் முடிந்து, “எனக்கு முப்பத்தொம்போதாம்டி, பாசு!” என்று பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனாள். அந்தப் பொண்ணு பையை மாட்டிக்கொண்டு டேப்பைப் பார்த்தபடி வெளியே நடந்தாள். கேட்டுக்குத்தான் போகிறாள். அங்கே டவர் கிடைக்கும். நவமணி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனாள். பாப்பாவின் கை அவள் முதுகில் துணிபோலத் தொங்கியது. ஏனுங். சொன்னேனா, இல்லை, மனசுக்குள்தான் சொன்னேன். ஏனுங், நான் சொன்னது. அவள் கால் இவள் காலைவிட வேகம். கேட்டுக்கு வெளியே பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு ஆரனை அழுத்திப் பிடித்திருந்தது, பின்னால் ஒரு நூல் லாரி, அதற்குப் பின்னால் ஏழெட்டு வண்டி, எல்லாம் சேர்ந்து பட்டறைச் சத்தத்தில் பாதி இருந்தது. அந்தப் பொண்ணு டேப்பை ஒரு கையில் உயரத் தூக்கிப் பிடித்து, கோடு ஏறுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். பஸ் நகர்ந்தது. எதிர்ப்பக்கம் வண்டியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவர்.

அவர் ஊசி போடுகிற மாதிரி விரலைக் காட்டி, புருவத்தைத் தூக்கினார். நவமணி பாப்பாவை இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, ரெண்டு விரல், ரெண்டு கையும் என்றாள். அவர் முகம் சுருங்கியது, கன்னத்தில் விரலால் கோடு இழுத்தார், அழுதாளா. ரொம்ப, என்றாள். அப்புறம், கை தூக்கமாட்டேங்குது, எனக்குப் பயமா இருக்கு. அவர் தன் தோளை அமுக்கிக் காட்டி, தலைக்கு மேலே சூரியனைப் போட்டு, அதைக் கீழே இறக்கினார், எனக்கும் சின்ன வயசில் இப்படித்தான், பொழுது சாய்ந்தால் சரியாகிவிடும். நீங்கள் எந்தக் காலத்தில் ஊசி போட்டீர்கள், தெரிந்த மாதிரி, என்று அவள் கையை விரித்தாள். அவர் சிரித்தார். பாக்கெட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினார், வறுத்த கடலை, அவளுக்கு.

“அக்கா.” பிரதீபா பக்கத்தில் நின்றிருந்தாள், டேப் இன்னும் மேலேதான் இருந்தது. “என்னக்கா பண்றீங்க ரெண்டு பேரும்?”

“பேசுறமுங்க.” குரல் வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“பேசுறீங்களா? இத்தன நேரமா? என்ன பேசுனீங்க?”

“ஊசி போட்டது, பாப்பா அழுதது, பொழுதோட சரியாயிரும்னு அவரு சொன்னது. கடல வாங்கிட்டு வந்திருக்காரு. தறியில அப்படித்தானுங். நாளெல்லாம் பேசுவமுங்க. நான்... உங்ககிட்ட இல்லைன்னு தொட்டுப்போட்டேன்.”

அந்தப் பொண்ணு ரோட்டைத் தாண்டிப் பார்த்தாள். அங்கே அவருக்கு இந்தப் பொண்ணு யார் என்று தெரியவில்லை, நவமணி அவளிடம் வாய் திறந்து பேசுகிறாளே என்று ஆச்சரியமாக இருந்திருக்கும். கையைத் தூக்கி மூக்கைத் தொட்டார். அப்போது தோளில் கிடந்த பாப்பா தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தது. பார்த்து, ஊசி போட்ட கையை, துவண்டு கிடந்த கையை, முனகிக்கொண்டே தூக்கி, நவமணியின் மூக்கின் மேலே ஐந்து விரலோடும் பொத்தென்று வைத்தது.

பிரதீபா சிரித்துவிட்டாள். “அதென்னக்கா, அப்பாவும் மூக்கத் தொடுறாரு, பாப்பாவும் தொடுது?”

நவமணிக்கு முகமெல்லாம் சூடேறியது. பாப்பாவின் எச்சில் விரல் மூக்கிலேயே இருந்தது, எடுக்கவில்லை.

“அதுங்களா,” என்றாள். “அது எம் பேருங்க.”

அந்தப் பொண்ணு உயரத் தூக்கிப் பிடித்திருந்த டேப்பை, ஒன்றையும் அனுப்பாமலேயே இறக்கினாள்.